ஊசிக்கண் விழுந்த கண்ணாடி

லாத்தா, நேற்றும் ஒருவர் உன் கண்ணாடியைத் துடைக்கப் பார்த்தார். வண்டி டேங்குக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்க வந்தவர். நான் தின்னர் டப்பாவை எடுக்க உள்ளே போன நேரத்தில், ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்திருக்கிற அந்தச் சின்னச் சில்லை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் தேய்க்கப் போய்விட்டார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "என்னவே, அழுக்காக் கெடக்கேன்னு தொடைக்கப் போனேன், அதுக்குப் போய் இப்படிப் பாயுதீரு" என்றார். "அது அழுக்கு இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. வாயால் வராததை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

லாத்தா என்றால் எங்கள் மேலப்பாளையத்தில் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்று, வண்ணாரப்பேட்டையில் ஒரு டிங்கரிங் பெயின்டிங் ஷெட்டில் சேர்ந்துவிட்டேன். எனக்கும் சேர்த்து அவள்தான் படித்தாள். இதில் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் இருந்திருந்தால் சிவப்பு மையால் சுழித்து, மூக்கால் சிரித்திருப்பாள். அவளுக்கு வாயைத் திறந்து சிரிக்கத் தெரியாது. வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கு வழியாகப் புஸ் புஸ் என்று காற்றை விடுவாள். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

மூக்கு என்றதும் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பாவுக்குச் சாயப்பட்டறையில் நூல் வெளுக்கிற வேலை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஆசிட் விழும்போது ஒரு புகை எழும்பும். வருடக்கணக்காக அதன் மேலேயே குனிந்து நின்றதில் வாப்பாவின் மூக்கு செத்துப்போனது. எதுவும் மணக்காது. அடுப்பில் மீன்குழம்பு கருகித் தெருவே இருமும், வாப்பா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பெருநாள் அன்று அத்தர் பூசிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நிற்பார். "போதுமா லே, கூடிப்போச்சா?" என்று கேட்பார். எத்தனை பூசினாலும் நான் "இன்னும் கொஞ்சம் வாப்பா" என்பேன். பள்ளிவாசலில் பக்கத்து வரிசைக்காரர்கள் தும்முவார்கள். எல்லாருக்கும் அது சிரிப்புதான். லாத்தா மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிடுவாள். "மூக்கு இருக்கவன் புகை கூடுனா வெளிய ஓடிருவான். வாப்பாவுக்கு ஓடணும்னே தெரியாதுலா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் மனதில் எந்நேரமும் அதுதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். சேர்ந்தபோது, அவள் எடுத்துக்கொண்ட வேலையும் அதுதான். வெள்ளீய உப்பைக் கரைத்து, சூடான கண்ணாடிச் சில்லின் மேல் தெளித்தால் தோலைவிட மெல்லிசாக ஒரு பூச்சு பிடிக்கும். அந்தப் பூச்சில் இரண்டு கம்பியை வைத்து, கீழே சூடு கொடுத்து, மீட்டரில் சேர்த்துவிட வேண்டும். கெட்ட காற்று வந்து பூச்சில் பட்டால் அதில் ஓடுகிற கரண்ட் மாறும், மீட்டரின் முள் ஆடும். "கண்ணாடிக்கு மூக்கு வைக்குதேன்" என்று உம்மாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் அதன் பெயர் வாப்பா மூக்கு. "இன்னைக்கு வாப்பா மூக்கு என்னாச்சு?" என்று உம்மா கேட்பாள். "சளி புடிச்சிருக்கு உம்மா" என்பாள் லாத்தா. முதலில் அம்மோனியாவுக்கு ஆட வைக்க வேண்டும், அதற்குப் பிறகு பட்டறைப் புகை, அதுதான் அவள் கணக்கு.

ஆனால் முள் ஆடவே இல்லை. பூச்சு திட்டுத்திட்டாக வந்தது. கொடுத்த கெடு முடிந்து, ஒருமுறை நீட்டியும் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை நீட்ட மாட்டார்கள். மாதக் கடைசிக்குள் ஆய்வை எழுதிக் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை, அத்தோடு வாப்பா மூக்கும் இல்லை. லாத்தா சோறு உண்ணும்போதுகூடச் சுவரைப் பார்த்துக்கொண்டே உண்டாள்.

ஒருநாள் சாயங்காலம், வீணான சில்லுகளைப் பேப்பரில் பரப்பி வைத்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்து பார்த்தேன். நடுவில் குளம் கட்டி, ஓரத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

"இதை யாரு அடிச்சது லாத்தா? கண்ணு தெரியாதவனா?"

"நான்தான்லே அடிச்சேன்."

"ஸ்ப்ரே துப்பாக்கியை எப்படிப் புடிச்ச?"

"புடிக்கல. ஸ்டாண்டுல மாட்டிருக்கோம்."

"ஸ்டாண்டுல மாட்டுனா நடுவுல கொளந்தான் கட்டும். கை நடக்கணும். பைய, ஒரே சீரா நடக்கணும்."

"அப்ப நீ வந்து நடந்து காட்டு" என்றாள்.

முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். பெருநாள் சட்டையைப் போட்டிருந்தும், வாட்ச்மேன் என் நகக்கண்ணில் இருந்த சிவப்பைப் பார்த்துவிட்டார். "கேட்டுக்கு அடிக்க வந்த பெயின்டரா? பச்சை கொண்டாந்தீரா?" என்று கேட்டார். "இல்ல, பிசிக்ஸ் லேபுக்கு" என்றேன். "அங்கன செவுரு நல்லாத்தானவே இருக்கு" என்று யோசித்தார். அதற்குள் லாத்தா படி இறங்கி வந்தாள். கூட நாலைந்து பெண்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால், குரலைத் தாழ்த்தாமல், "என் தம்பி. ஸ்ப்ரே அடிக்கதுல இவனை மாதிரி ஜில்லாவிலேயே ஆள் கெடையாது" என்றாள். கல்லூரிக்குள் நான் வைத்த முதல் காலடி அது. காது மடல் சூடானது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

சூட்டுத்தட்டின் மேல் பன்னிரண்டு சில்லுகளை வரிசையாக வைத்தார்கள். தெளிக்கிற குழல் கண்ணாடியில் செய்தது, எங்கள் துப்பாக்கியைவிட லேசு. அதை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தேன். புல்லட் டேங்குக்கு அடிப்பதுபோல் நெருங்கிப் பிடித்து, ஓரத்துக்கு வெளியே தொடங்கி ஓரத்துக்கு வெளியே முடித்து, ஒரு நடைமேல் பாதி நடையாக ஏற்றி ஏற்றி அடித்தேன். ஆறின பிறகு பார்த்தால் பன்னிரண்டும் மயில் கழுத்துபோல் மின்னின. குனிந்தால் முகம் தெரிந்தது. லாத்தாவின் பேராசிரியர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார். "எட்டாப்பு சார். அதும் பாதி." "மீதிப் பாதியும் படிச்சிருந்தா எங்க வேலைக்கு ஆபத்து வந்திருக்கும்" என்றார்.

பிறகு ஒரு சில்லில் கம்பியை வைத்து, கண்ணாடி மூடிக்குள் அடைத்து, ஊசியால் அம்மோனியா ஒரு சொட்டு உள்ளே விட்டார்கள். விளிம்பில் கசிந்த வாடைக்கே எங்கள் கண்ணில் தண்ணீர் வந்தது. முள் அசையவில்லை. அடுத்த சில்லு, அதற்கடுத்த சில்லு, பன்னிரண்டும் அப்படித்தான். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ரொம்ப இறுக்கமா மூடியிருக்கும்மா. காத்து உள்ள நுழைய வழியே இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் வேணும், சல்லடை மாதிரி" என்றார். தெளிக்கிற மருந்து இன்னும் நாலு சில்லுக்குத்தான் மிச்சம் இருந்தது. அடுத்த பாட்டில் மெட்ராஸிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். கெடுவுக்கு இருபது நாள்கூட இல்லை.

பஸ்ஸில் வரும்போது என்னால் நிமிர முடியவில்லை. "நான் கெடுத்துட்டேனே லாத்தா" என்றேன்.

"கெடுக்கல. ரொம்ப நல்லா செஞ்சிட்ட. அதான் கெட்டுப்போச்சு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "வீட்டுக்குள்ள ஆளு வரணும்னா வாசல் வேணும்லா? நீ வாசலே இல்லாம செவுரு கட்டிட்ட. அதுவும் பளபளன்னு" என்று சொல்லிவிட்டு மூக்கால் சிரிக்கத் தொடங்கினாள். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருட உழைப்பு போகப்போகிற நேரத்தில் சிரிக்கிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுகை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, நோட்டும் பேனாவுமாக வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "உன் வேலையில எப்பப்பல்லாம் ஊசிக்கண் விழும்?" என்று கேட்டாள். அடித்த பெயின்டில் ஊசியால் குத்தினதுபோல் பொடிப்பொடி ஓட்டை விழுவதைத்தான் ஊசிக்கண் என்போம். எங்கள் தொழிலில் அதைவிட மானக்கேடு இல்லை.

"என் வேலையில விழாது" என்றேன்.

"இப்ப விழாது. மொதல்ல விழுந்துச்சுலா? உங்க முதலாளி எதுக்கெல்லாம் ஏசுனாரு, ஒண்ணுவிடாம சொல்லு."

நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தேன். உம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "என்கிட்ட கேளு, நான் சொல்லுதேன். மூணு மாசம் அழுதுக்கிட்டுலா வீட்டுக்கு வந்தான்." வேறு வழியில்லை. வெயிலில் கொதித்துக் கிடந்த டேங்கில் அடித்தது, காற்றுக் குழாயில் தண்ணீர் நின்றதைக் கவனிக்காமல் அடித்தது, தின்னரை அள்ளி ஊற்றினது, எட்ட நின்று அடித்தது, விட்டு விட்டு அடித்தது என்று நான் வெட்கத்தோடு சொல்லச் சொல்ல, அவள் வரிசை எண் போட்டு எழுதினாள். மேலே தலைப்பு வேறு: தம்பி செய்த தப்புகள். பதினொன்று வந்தது. "பதினொண்ணுதானா? இன்னும் நல்லா யோசி" என்றாள். பரீட்சையில் நான் தப்பு விட்டபோதெல்லாம் காதைத் திருகினவள், அன்றைக்கு ஒவ்வொரு தப்புக்கும் கண் விரியச் சந்தோஷப்பட்டாள்.

எழுதினதை மேலிருந்து திரும்பப் படித்தவள், நாலாவது தப்பில் பேனாவை நிறுத்தினாள். "எட்ட நின்னு அடிச்சா என்ன ஆகும்?"

"வழியிலேயே பெயின்ட் காஞ்சிரும். தூசியாப் போய் உக்காரும். தடவுனா சொரசொரன்னு இருக்கும்."

"தூசியா உக்காந்தா நடுநடுவுல எடம் இருக்குமா?"

"இருக்கும். அதுலதான் தண்ணி எறங்கி டேங்கு துருப்புடிக்கும்."

"தண்ணி எறங்கும்னா காத்தும் எறங்கும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

மறுபடியும் பல்வலி என்று போய் நின்றேன். "அதே பல்லாவே?" என்று முதலாளி கேட்டார். "பக்கத்துப் பல்லு அண்ணாச்சி" என்றேன்.

லேபில் நாலே சில்லு. பின்னால் தள்ளி நின்று, விட்டு விட்டு, மோசமாக அடிக்க வேண்டும். சொல்வது சுலபம். ஏழு வருடம் ஏச்சு வாங்கிப் பழகின கை அது. மனசு தள்ளி நில் என்கிறது, கை தானாக நெருங்கிப் போய்விடுகிறது. முதல் சில்லு பழையபடி மயில் கழுத்தாக மின்னியது. லாத்தா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவதுக்கு வேண்டுமென்றே ரொம்பத் தள்ளிப் போனேன். மாவுபோல் உட்கார்ந்து, ஊதினதும் பறந்துவிட்டது. இனி இரண்டுதான். அப்போதுதான் லாத்தா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். எனக்குச் சோறு கொண்டுவந்த ஒரே ஒரு நாள் முதலாளியின் குரலைக் கேட்டிருக்கிறாள். அதே குரலில், அதே இழுப்பில் தொடங்கினாள்.

"ஏலே, சவத்த மூதி, டேங்குக்கு அடிக்கியா, தெருவுக்குத் தண்ணி தெளிக்கியா? அங்கன நின்னு அடிச்சா இங்கன வந்து சேருமா? என்னலே நிறுத்தி நிறுத்தி அடிக்க, ஒனக்கு இருமலா?"

என் கைக்கு முதல் வருடம் திரும்பிவிட்டது. தோள் சுருங்கி, தானாகப் பின்னால் நகர்ந்து, பயந்து பயந்து விட்டு விட்டு அடித்தேன். அவள் விடாமல் ஏசிக்கொண்டே இருந்தாள். முடித்துத் திரும்பினால், பேராசிரியர் வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "தொடருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சில்லு மங்கலாக, பால் சிந்திக் காய்ந்ததுபோல் இருந்தது. எங்கள் ஷெட்டில் இப்படி ஒரு வேலை செய்தால் அன்றே வெளியேற வேண்டியதுதான். லாத்தா கம்பியை வைத்து, மூடியை மூடி, சூடு ஏறும்வரை காத்திருந்தாள். சொட்டு உள்ளே விழுந்தது. முள் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு, தூக்கத்திலிருந்து எழுகிறவன்போல் பைய அசைந்து, விறுவிறுவென்று வலது பக்கம் ஓடியது. மூடியைத் திறந்தாள், காற்றோட்டம் வந்ததும் முள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. மறுபடி சொட்டு, மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை ஊசியை என் கையில் கொடுத்து, "நீ விடு" என்றாள். விட்டேன். என் தப்பு வேலை காற்றைக் குடித்து ஆடுவதை நானே பார்த்தேன். லாத்தா வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

அதே தூரத்தில், அதே ஏச்சோடு நாலாவதையும் அடித்தேன். அதுவும் ஆடியது. அந்த இரண்டை வைத்தே அளவெல்லாம் எடுத்து, தட்டச்சு செய்து, கெடு முடிகிற அன்று மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பட்டம் கிடைத்தது. ஆய்வுப் புத்தகம் நீல ரெக்சின் அட்டையில் வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. வண்டி விட வந்த ஒரு கோர்ட் கிளார்க்கிடம், நன்றி சொல்லியிருந்த பக்கத்தை ஷெட்டில் வைத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். வாப்பா, உம்மா, பேராசிரியர் என்று போய்க் கடைசியில், தவறுகள் செய்த என் தம்பிக்கும், அவற்றுக்காக அவனை ஏசிய அவன் முதலாளிக்கும் என்று இருந்தது. முதலாளி அதை மூன்று முறை படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவரிடமெல்லாம், "நம்ம ஏச்சு யுனிவர்சிட்டில பதிவாயிருக்குவே" என்பார். என் பல்வலியைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

பட்டம் வாங்கின பிறகு லாத்தா அந்தச் சில்லைச் சாயப்பட்டறைக்கும் கொண்டுபோனாள். அங்கே சூட்டுத்தட்டுக்கு எங்கே போவது? வீட்டுக் கரி இஸ்திரிப்பெட்டியைக் கவிழாமல் செங்கல் வைத்து நிறுத்தி, அதன் மேல் சில்லை வைத்தாள். வேலைக்காரர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். தொட்டிக்கு இன்னும் பத்தடி இருக்கும்போதே முள் வெறிபிடித்ததுபோல் ஆடியது. பட்டறைப் புகைக்கு இல்லை, இஸ்திரிப்பெட்டிக்குள் இருந்த கரிப்புகைக்கு. லாத்தா நெற்றியில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாப்பா மட்டும் அதைப் பெருமையோடு பார்த்துவிட்டு, "இது போதும்மா. உங்க உம்மா அடுப்புப் பக்கத்துல வை. கொழம்பு கருகுனா இனிமே எனக்குத் தெரிஞ்சிரும்" என்றார். அடுத்த தடவை பேட்டரியில் சூடு ஏற்றுகிற மாதிரி செய்யலாம், பிஎச்.டி.யில் அதைத்தான் செய்யப்போகிறேன் என்று வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். சேர இடமும் கிடைத்தது.

சேருவதற்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்தது. பதினாறு நாள். அவ்வளவுதான், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியில்கூட, "எனக்கு மஞ்சள் அடிச்சது யாருலே, நீயா? ஒரே சீரா இருக்கு" என்று கேட்டாள். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அடக்கத்துக்கு அவளைச் சுற்றிய கஃபன் துணியில் அத்தர் தெளித்தார்கள். வாப்பா குனிந்து அவள் நெற்றிப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "வாசம் நல்லா இருக்கால்லே?"

"நல்லா இருக்கு வாப்பா" என்றேன். "போதுமா?" என்றார். இந்தத் தடவை நான் இன்னும் கொஞ்சம் என்று சொல்லவில்லை. போதும் என்றேன்.

முள்ளை ஆட வைத்த இரண்டு சில்லில் ஒன்று கல்லூரியில் இருக்கிறது. மற்றதுதான் ஷெட்டில் இந்த ஜன்னல் கட்டையில் இருப்பது. வாப்பா இப்போது தொட்டி வேலைக்குப் போவதில்லை. "ஒருத்தி மூக்கு செய்யக் கெடந்து பாடுபட்டா, நான் அங்கனயே போய் நின்னா அவளுக்கு என்ன மரியாதை?" என்று சொல்லிவிட்டு நூல் சுற்றப் போகிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் இங்கே வந்து, சில்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் அதே சாய்வில் வைத்துவிட்டுப் போவார். நான் இப்போது முதலாளிக்கு அடுத்த ஆள். என் வேலையில் ஊசிக்கண் விழுவதே இல்லை. நன்றாக மின்னுகிற டேங்கைப் பார்த்தால் சில நாள் கோபம்கூட வருகிறது.

நேற்றுத் துண்டால் துடைக்க வந்தவருக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். சார், அது அழுக்கு இல்லை. காற்று உள்ளே வருவதற்கு விட்ட வாசல். அடுத்த முறை வந்தால் கையில் எடுத்துப் பாருங்கள், தேய்க்க மட்டும் செய்யாதீர்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் தொழுகிறவரோ, கோயிலுக்குப் போகிறவரோ, மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவரோ, யாராக இருந்தாலும் சரி. இன்றைக்கு ஒரு நொடி, என் லாத்தாவுக்காகக் கை ஏந்துங்கள். அவளை அடக்கம் செய்த கப்ரு இறுகிய சுவராக இருந்துவிடாமல், நல்ல காற்று வருகிற வாசல்கள் அதில் திறக்கட்டும் என்று கேளுங்கள்.